அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் நாட்களில் ஹார்மோன் ஊசி: புரோஸ்டேட் புற்றுநோய் பற்றி ஒரு பாடம்

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். அத்தாவுக்கு வயது 66. இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார் என்று மகன் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறான். இரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு 14. ஸ்கேன் எடுத்து, ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்ததில் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிகிறது. நல்ல வேளையாக நோய் சுரப்பியை விட்டு வெளியே பரவவில்லை. சுரப்பியை அகற்றிவிடலாம் என்கிறார் மருத்துவர். ஆனால் அதற்கான தேதி பத்து வாரம் கழித்துத்தான்.

அந்தப் பத்து வாரம்தான் குடும்பத்துக்குப் பெரிய சோதனை. "அதுக்குள்ள பரவிட்டா என்ன பண்றது?" என்று அம்மா அழுகிறார். "எங்க மச்சானுக்கு ஒரு ஊசி போட்டாங்க, கட்டி அப்படியே சுருங்கிப் போச்சு. நீங்களும் கேட்டுப் போடுங்க" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மகன் கடன் வாங்கியாவது அந்த ஊசியைப் போட்டுவிட வேண்டும் என்று ஓடுகிறான்.

அந்த ஊசி என்ன செய்கிறது? எல்லோருக்கும் தேவையா? யாருக்கு நன்மை, யாருக்கு வீண் தொல்லை? இந்த இதழின் பாடம் இதுதான். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக ஊசி போடவோ, போட்டுக்கொண்டிருப்பதை நிறுத்தவோ கூடாது. மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேட்க இது உதவினால் போதும்.

சுரப்பிக்கும் ஹார்மோனுக்கும் என்ன தொடர்பு?

புரோஸ்டேட் ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, ஒரு பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும். விந்தோடு சேரும் திரவத்தின் ஒரு பகுதியை இது தருகிறது. வளரவும் வேலை செய்யவும் இதற்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் வேண்டும். இந்த ஹார்மோனின் பெரும்பகுதி விதைகளில் உற்பத்தியாகிறது. சிறுபகுதி சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பியிலிருந்து வருகிறது.

புரோஸ்டேட்டில் தோன்றும் புற்றுநோய்ச் செல்களும் பெரும்பாலும் இதே ஹார்மோனை நம்பித்தான் வளர்கின்றன. இதை 1941-ல் அமெரிக்காவின் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ், கிளாரன்ஸ் ஹாட்ஜஸ் என்ற இரு மருத்துவர்கள் நிரூபித்தார்கள். நோய் உடலெங்கும் பரவிய ஆண்களுக்கு விதைகளை அகற்றியபோது நோய் அடங்கியது. இதற்காக ஹக்கின்ஸுக்கு 1966-ல் நோபல் பரிசு கிடைத்தது.

விதையை அகற்றாமல், மருந்தால் மட்டும் அதன் வேலையை நிறுத்தும் வழி பிறகு வந்தது. மூளையின் அடிப்பகுதியிலிருந்து வரும் ஒரு கட்டளை ஹார்மோன்தான் விதைகளை வேலை செய்யச் சொல்கிறது. அதன் அமைப்பைக் கண்டறிந்த ஆய்வுகளுக்காக ஆண்ட்ரூ ஷாலி 1977-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்றைய ஹார்மோன் ஊசிகள் அந்தக் கண்டுபிடிப்பின் வழியில் வந்தவை.

என்னென்ன மருந்துகள்?

முதல் வகை, மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ போடும் ஊசிகள். லூப்ரோலைடு, கோசரெலின், டிரிப்டோரெலின் ஆகியவை இந்த வகை. இவை கட்டளை ஹார்மோனைப் போலவே நடித்து, ஓயாமல் தூண்டித் தூண்டி, கடைசியில் அந்தக் கட்டளையையே செயலிழக்கச் செய்கின்றன. அதனால் முதல் ஒன்றிரண்டு வாரம் டெஸ்டோஸ்டிரோன் குறையாமல், மாறாக உயரும். பிறகு மூன்று நான்கு வாரத்தில் மிகவும் கீழே இறங்கிவிடும். அந்த ஆரம்ப உயர்வைச் சமாளிக்க பைகலூடமைடு மாத்திரையைச் சில வாரம் சேர்த்துத் தருவார்கள்.

இரண்டாம் வகை, கட்டளையை நேராகத் தடுக்கும் மருந்துகள். டெகாரெலிக்ஸ் மாத ஊசி. ரெலுகோலிக்ஸ் தினமும் விழுங்கும் மாத்திரை. இவற்றில் ஆரம்ப உயர்வு இல்லை. சில நாட்களிலேயே ஹார்மோன் இறங்கிவிடும்.

மூன்றாம் வகை, பைகலூடமைடு போன்ற மாத்திரைகள். இவை ஹார்மோன் உற்பத்தியைத் தடுப்பதில்லை. செல்லுக்குள் அது வேலை செய்யும் இடத்தை மறித்துக்கொள்கின்றன.

விதைகளை அறுவை சிகிச்சையால் அகற்றுவது நம் நாட்டில் இன்றும் நடக்கிறது. நோய் பரவியவர்களுக்கு அது செலவு குறைந்த, ஒரே முறையில் முடியும் வழி. ஆனால் அதைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே சுரப்பியை அகற்றக் காத்திருப்பவருக்கு அது பொருந்தாது.

காத்திருப்பது ஆபத்தா?

குடும்பத்தின் முதல் பயம் இதுதான். புற்றுநோய் என்றாலே நாளைக்கே அறுக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. சில புற்றுநோய்களுக்கு அது சரி. புரோஸ்டேட்டில் பெரும்பாலும் அப்படி இல்லை. இது பொதுவாக மெதுவாக வளரும் நோய்.

காத்திருப்பதில் ஒரு பகுதி வேண்டுமென்றே வைப்பதுதான். சதைத் துணுக்கு எடுத்தபின் சுரப்பியைச் சுற்றி இரத்தக்கட்டும் வீக்கமும் இருக்கும். அது ஆறுவதற்கு 6 முதல் 8 வாரம் விட்டுவிட்டு அறுவை சிகிச்சை செய்வது பல மருத்துவர்களின் வழக்கம். அதற்குள் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரவும், இதயத்தைப் பரிசோதிக்கவும், இரத்தத்தை இளக்கும் மாத்திரைகளை எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்யவும் நேரம் கிடைக்கும்.

பிரிட்டனில் 1,643 ஆண்களை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு இங்கே ஆறுதல் தரும். சுரப்பிக்குள் அடங்கிய நோய் உள்ள அவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு அறுவை சிகிச்சை, ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு, மூன்றாம் பிரிவுக்கு உடனடி சிகிச்சை இல்லாமல் தொடர் கண்காணிப்பு மட்டும். 15 ஆண்டு முடிவுகள் 2023-ல் வெளிவந்தன. மொத்தத்தில் இந்த நோயால் இறந்தவர்கள் 45 பேர்தான். மூன்று பிரிவுக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. கண்காணிப்புப் பிரிவில் நோய் வேறு இடத்துக்குப் பரவியது நூற்றுக்கு 9 பேருக்கு. மற்ற இரு பிரிவிலும் நூற்றுக்கு 5 பேருக்கு. ஆக, சிகிச்சையால் பயன் உண்டு. ஆனால் அந்த வித்தியாசம் தெரிய வருவது ஆண்டுக் கணக்கில். பத்து வாரக் கணக்கில் இல்லை.

இது எல்லோருக்கும் ஒரே அளவில் பொருந்தாது. நோயை மருத்துவர்கள் மூன்று தரமாகப் பிரிக்கிறார்கள். பி.எஸ்.ஏ. 10-க்குக் கீழ், கிளீசன் மதிப்பெண் 6 என்றால் குறைந்த ஆபத்து. பி.எஸ்.ஏ. 10 முதல் 20 வரை அல்லது கிளீசன் 7 என்றால் நடுத்தரம். பி.எஸ்.ஏ. 20-க்கு மேல் அல்லது கிளீசன் 8 முதல் 10 என்றால் கடும் ஆபத்து. விரலால் தொட்டுப் பார்க்கும்போது தெரியும் கட்டியின் அளவும் இந்தக் கணக்கில் சேரும். முதல் இரண்டு தரத்தினருக்குச் சில மாதக் காத்திருப்பால் பொதுவாகப் பாதகம் இல்லை. கடும் ஆபத்துத் தரத்தினருக்கு 3 மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்கிவிடப் பார்ப்பார்கள். உங்கள் அத்தா எந்தத் தரம் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பயப்பட வேண்டுமா என்பது அதைப் பொறுத்தது.

அறுவைக்கு முன் ஊசி: ஆய்வுகள் என்ன சொன்னன?

"சுருக்கிவிட்டு அறுத்தால் சுத்தமாக வந்துவிடும்" என்பது நியாயமாகத்தான் தோன்றுகிறது. 1990-களில் மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அதனால் பல நாடுகளில் ஒழுங்கான ஆய்வுகள் நடத்தினார்கள். ஒரு பிரிவினருக்கு மூன்று மாதம் ஹார்மோன் கொடுத்துவிட்டு அறுவை சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்கு நேராக அறுவை சிகிச்சை. கனடாவில் மூன்று மாதத்தை எட்டு மாதத்தோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள்.

சுரப்பி உண்மையிலேயே சுருங்கியது. அகற்றிய சுரப்பியின் வெட்டிய ஓரத்தில் புற்றுநோய்ச் செல் தெரிவதும் நன்றாகக் குறைந்தது. இதைப் பார்த்து எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, நோய் திரும்பி வருவதிலோ ஆயுளிலோ இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. ஊசி போட்டவர்கள் கூடுதலாக வாழவில்லை.

ஏன்? ஹார்மோன் இல்லாதபோது செல்கள் சுருங்கி ஒளிந்துகொள்கின்றன. எல்லாம் சாவதில்லை. ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போவது வேறு, ஓரத்தில் இல்லாமல் போவது வேறு. ஏற்கெனவே வெளியே போய்விட்ட நுண்ணிய செல்களையும் சில மாத ஊசி அழித்துவிடுவதில்லை.

இதனால் சில சிரமங்களும் உண்டு. சுரப்பியைச் சுற்றியுள்ள திசுக்கள் இறுகி ஒட்டிக்கொள்வதால், நரம்புகளைக் காப்பாற்றிப் பிரித்தெடுப்பது சில அறுவை மருத்துவர்களுக்குக் கடினமாகிறது. ஊசிக்குப் பிறகு செல்களின் தோற்றம் மாறிவிடுவதால், அகற்றிய சுரப்பியில் கிளீசன் மதிப்பெண்ணை நம்பிக்கையோடு சொல்ல முடிவதில்லை. அடுத்த சிகிச்சையை முடிவு செய்ய வேண்டிய தகவலே குழம்பிவிடுகிறது.

ஆகவே ஐரோப்பிய சிறுநீரகவியல் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் உட்பட, இன்றைய வழிகாட்டுதல்கள் அறுவை சிகிச்சைக்கு முன் இந்த ஊசியை வழக்கமாகப் போட வேண்டாம் என்கின்றன. கடும் ஆபத்துத் தரத்தினருக்குப் புதிய மாத்திரைகளைச் சேர்த்துத் தரும் ஆய்வுகள் தனி. அவற்றை வைத்துப் பக்கத்து வீட்டார் சொன்ன ஊசியை நியாயப்படுத்த முடியாது.

அப்படியென்றால் ஊசி யாருக்கு?

ஹார்மோன் சிகிச்சை கெட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சரியான இடத்தில் அது உயிர் காக்கும் மருந்து.

முதலாவது, கதிர்வீச்சு சிகிச்சை பெறுபவர்கள். கதிர்வீச்சோடு ஹார்மோன் சேரும்போது பலன் தெளிவாகக் கூடுகிறது. 415 பேரை வைத்து ஐரோப்பாவில் நடந்த ஆய்வு 1997-ல் வெளியானது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் ஐந்து ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 62 பேர். கோசரெலின் ஊசியை மூன்று ஆண்டு சேர்த்துப் பெற்றவர்களில் 79 பேர். பக்கத்து வீட்டுக்காரரின் மச்சானுக்கு ஒருவேளை இந்தச் சிகிச்சைதான் நடந்திருக்கலாம். ஒரே நோய், வேறு பாதை. அவருக்குச் சரியானது நமக்கும் சரி என்று ஆகிவிடாது.

இரண்டாவது, நோய் எலும்புக்கோ வேறு இடத்துக்கோ பரவியவர்கள். அவர்களுக்கு ஹார்மோன்தான் அடிப்படைச் சிகிச்சை.

மூன்றாவது, கடும் ஆபத்துத் தரம், அதோடு அறுவை சிகிச்சையோ மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது என்ற நிலை. 2020-ல் கோவிட் வந்து அறுவை அரங்குகள் மூடப்பட்டபோது, பல நாடுகளில் இப்படிப்பட்டவர்களுக்கு இடைக்கால ஏற்பாடாக ஹார்மோன் கொடுத்தார்கள். நம் ஊரில் அடிக்கடி நடக்கக் கூடியது வேறு. மாரடைப்பு வந்து இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பார். இரத்தம் இளக்கும் மாத்திரையைச் சில மாதம் நிறுத்த முடியாது, அதனால் அறுவையும் முடியாது. அப்போது மருத்துவர் ஊசியைப் பற்றி யோசிக்கலாம். சில நேரம் அறுவையை விட்டுவிட்டுக் கதிர்வீச்சுக்கு மாறுவதே நல்லது என்றும் சொல்லலாம். இது இதய மருத்துவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு.

உடலில் என்ன மாற்றம் வரும்?

ஊசி போட முடிவானால், பின்வருவதை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

திடீரென்று உடல் கொதித்து வியர்ப்பது, பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வயதில் வருவது போல வரும். களைப்பு, தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், மனச்சோர்வு வரலாம். தசை குறைந்து தொப்பை கூடும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் எலும்பு பலவீனமாகும், இரத்தச் சோகை வரும். பைகலூடமைடு மட்டும் எடுப்பவர்களுக்கு மார்பு வீங்கி வலிக்கலாம். அந்த மாத்திரைக்குக் கல்லீரல் பரிசோதனையும் அவசியம்.

சர்க்கரை நோயாளிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இந்த ஊசிகள் சர்க்கரையை உயர்த்தக்கூடும். சர்க்கரை நோய், இதய நோய் ஆபத்து பற்றிய எச்சரிக்கையை இவற்றின் குறிப்பில் சேர்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010-ல் உத்தரவிட்டது. இதய நோய் உள்ளவர் எந்த வகை மருந்து என்று கேட்பதில் தவறில்லை. 930 பேரிடம் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், ஓராண்டுக் காலத்தில் பெரிய இதய, பக்கவாதப் பாதிப்புகள் லூப்ரோலைடு பிரிவில் நூற்றுக்கு 6.2 பேருக்கும், ரெலுகோலிக்ஸ் பிரிவில் 2.9 பேருக்கும் வந்தன.

இனி, யாரும் வாய்விட்டுக் கேட்காத விஷயம். இந்த மருந்தால் தாம்பத்திய ஆசை குறையும், விறைப்பும் குறையும். இது மருந்தின் வேலை. மனிதரின் குறை இல்லை. பல பெரியவர்கள் இதை யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் நொறுங்கிப் போகிறார்கள். மனைவியோ, தன்மீது வெறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார். ஊசி தொடங்கும் முன்பே மருத்துவர் கணவன், மனைவி இருவரையும் உட்காரவைத்துச் சொல்லும்படி கேளுங்கள். குறுகிய காலம் எடுத்தவர்களுக்கு, மருந்தை நிறுத்தியபின் ஹார்மோன் பெரும்பாலும் திரும்புகிறது. ஆனால் அதற்குப் பல மாதம் ஆகலாம். வயது கூடக் கூடத் தாமதமும் கூடும்.

பி.எஸ்.ஏ. இறங்கியதும் வரும் ஏமாற்றம்

இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்ட இரண்டு மூன்று மாதத்தில் பி.எஸ்.ஏ. 14-லிருந்து 1-க்கும் கீழே வந்துவிடலாம். சிறுநீரும் எளிதாகப் போகும். "நோய் போய்விட்டது, இனி எதற்குக் கத்தி?" என்று அறுவைத் தேதிக்குப் போகாமல் இருந்துவிடுபவர்கள் உண்டு. இதைவிடப் பெரிய தவறு வேறில்லை.

பி.எஸ்.ஏ. உற்பத்திக்கும் ஹார்மோன் தேவை. ஹார்மோன் இல்லாததால் அளவு இறங்கியிருக்கிறது. நோய் தூங்குகிறது, சாகவில்லை. சுரப்பிக்குள் அடங்கிய நோயை ஊசி மட்டும் குணப்படுத்துவதில்லை. ஊசியை நிறுத்தினால் அது விழித்துக்கொள்ளும். நிறுத்தாமல் ஆண்டுக்கணக்கில் போட்டால், ஹார்மோன் இல்லாமலே வளரும் செல்கள் தலைதூக்கலாம். குணமாகக் கூடிய ஒருவர், குணமாக்கும் வாய்ப்பைத் தானே தவறவிட்டவர் ஆகிவிடுவார்.

அறுவைக்குப் பிறகும் இந்தக் குழப்பம் தொடரும். சுரப்பியை எடுத்து ஆறு முதல் எட்டு வாரத்தில் பி.எஸ்.ஏ. கண்டறிய முடியாத அளவுக்கு இறங்க வேண்டும். ஊசியின் விளைவு அப்போதும் உடலில் இருந்தால், அளவு இறங்கியது அறுவையாலா ஊசியாலா என்று சொல்ல முடியாது. ஆகவே ஊசி போட்ட தேதிச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து ஒவ்வொரு மருத்துவரிடமும் காட்டுங்கள்.

காத்திருக்கும் வாரங்களில் செய்ய வேண்டியவை

ஊசி தேவையில்லை என்றால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று இல்லை. பீடி, சிகரெட்டை இன்றே நிறுத்துங்கள். மயக்க மருந்தைத் தாங்கவும் புண் ஆறவும் அது உதவும். தினமும் அரை மணி நேரம் நடங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைத் தவறவிடாதீர்கள்.

அடி இடுப்புத் தசைப் பயிற்சியை இப்போதே தொடங்குங்கள். சிறுநீரையும் வாயுவையும் அடக்குவது போல உள்ளே இறுக்கி, ஐந்து முதல் பத்து விநாடி பிடித்து, அதே அளவு தளர்த்துங்கள். பத்து முறை ஒரு சுற்று. நாளைக்கு மூன்று சுற்று. அறுவைக்குப் பிறகு சிறுநீர்க் குழாய் மாட்டியிருக்கும் நாட்களில் மட்டும் செய்யக் கூடாது.

அறுவைக்குப் பிறகு சில மாதம் சிறுநீர் கசிவது சகஜம். பெரும்பாலானோருக்குப் படிப்படியாகக் குறையும். ஒளு நிற்காதே, பள்ளிவாசலுக்குப் போக முடியாதே என்ற கவலையில் சிலர் அறுவையையே மறுத்துவிடுகிறார்கள். தொடர் கசிவு உள்ளவருக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. உங்கள் ஊர் ஆலிமிடம் தயங்காமல் கேளுங்கள். நோன்பு நாட்களில் தினசரி மாத்திரையின் நேரத்தை மாற்றுவதாக இருந்தால் அதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

1. நோய் எந்தத் தரம்? பி.எஸ்.ஏ., கிளீசன் எவ்வளவு? ஸ்கேனில் பரவல் இருக்கிறதா?
2. இந்தத் தேதிவரை காத்திருப்பது இவருக்குப் பாதுகாப்பானதா? எத்தனை வாரம் தாண்டக் கூடாது?
3. ஊசி போடச் சொல்வது எதற்காக? அறுவைக்கா, கதிர்வீச்சுக்கா, தேதி தள்ளிப்போவதாலா?
4. ஊசி இல்லாமல் காத்திருந்தால் என்ன ஆகும்?
5. எத்தனை மாதம்? எந்த வகை மருந்து? இவருடைய சர்க்கரைக்கும் இதயத்துக்கும் அது ஒத்துவருமா?
6. இங்கே தேதி தாமதமானால் வேறு மருத்துவமனைக்கு எழுதித் தருவீர்களா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற வழி இருக்கிறது. அறுவையும் ஊசியும் அதில் எப்படி அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தேவையில்லாத ஊசிக்கு வாங்கும் கடன், நாளை தேவையான சிகிச்சைக்கு இல்லாமல் போகும் பணம்.

அந்த மகனுக்கு நாம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். தம்பி, ஊசிக்காகக் கடன் தேடி ஓடாதே. அத்தாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு, இந்த ஆறு கேள்வியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போ. அவர் வேண்டாம் என்றால் நிம்மதியாகக் காத்திரு. வேண்டும் என்றால் காரணம் தெரிந்து போடு. எதுவானாலும் அறுவைத் தேதியை மட்டும் தவறவிடாதே.